கேள்வி-பதில்: சொந்தக்காரர் விற்கும் ‘ஒனைடா ஈகிள்’ வில்லை வாங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் குமுளி. கொஞ்சம் ஏலத்தோட்டம் இருக்கிறது. இரண்டு வருடமாகக் கம்பத்தில் ஒரு பயிற்சியாளரிடம் வில்வித்தை கற்று வருகிறேன். அமெரிக்காவில் நெடுங்காலம் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒருவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். அவரிடம் ‘ஒனைடா ஈகிள்’ என்றொரு வேட்டை வில் இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் பழைய காலத்து வளைந்த வில் மாதிரி தெரிகிறது. கிட்டே போனால் உள்ளே சக்கரம், கேபிள் எல்லாம் இருக்கிறது. இந்த வில்லுக்கென்றே அமெரிக்காவில் தனிக் கூட்டம் உண்டு என்று சொல்லி 65,000 ரூபாய் கேட்கிறார். அமெரிக்க ஏலத் தளம் ஒன்றில் இதே வில் பாதி விலைக்குக் கிடக்கிறது. எதை வாங்குவது? போட்டியில் பயன்படுத்தலாமா? தோட்டத்தில் பன்றித் தொல்லை தாங்கவில்லை, அதற்கும் உதவுமா?
— வாசகர், குமுளி

பதில்: பன்றியிலிருந்து தொடங்குகிறேன். அதில் தவறினால் பணத்தோடு போகாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி வேட்டை குற்றம். அதில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்தில் துப்பாக்கி, வெடி, கண்ணி, விஷம் ஆகியவற்றோடு வில்லும் அம்பும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. கேரளத்தில் பயிரை அழிக்கும் பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இருக்கிறது. உண்மைதான். ஆனால் அது துப்பாக்கி உரிமம் உள்ளவர்களை வைத்துச் செய்கிற காரியம். தோட்டக்காரர் வில்லை எடுத்துக்கொண்டு இரவில் காத்திருக்க அதில் இடமில்லை. உங்கள் ஊரைச் சுற்றிப் பெரியாறு புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவே தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். உள்ளே வேட்டை என்று வழக்குப் பதிவானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. அதனால் பன்றிக்குப் பஞ்சாயத்தில் மனுக் கொடுங்கள், வில்லை அதோடு சேர்க்காதீர்கள். கம்பத்துக்குப் பயிற்சிக்குப் போகும்போது மலைப்பாதை காட்டுக்குள்தானே போகிறது? வில்லைப் பூட்டிய பெட்டியில் வைத்து, பயிற்சியாளரின் கடிதம் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நாணேற்றிய வில்லைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்கக் கூடாது.

சரி, இனி வில்லுக்கு வருகிறேன். உங்கள் சித்தப்பா சொன்ன தனிக் கூட்டம் நிஜம். அது ஏன் உண்டானது என்று தெரிந்தால்தான் 65,000 ரூபாயை எடை போட முடியும்.

நீங்கள் பயிற்சியில் பிடிப்பது ரிகர்வ் வில்லாக, அதாவது சக்கரமில்லாத, நுனி வளைந்த வில்லாக இருக்கும். இழுக்க இழுக்கக் கனம் ஏறிக்கொண்டே போகும். 50 பவுண்டு வில் என்றால், முழுக்க இழுத்து நிற்கும்போது சுமார் 23 கிலோ உங்கள் மூன்று விரலில் தொங்கும். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் இதற்கு ஒரு வழி கண்டார். வில்லின் நுனியில், மையம் விலகிய சக்கரங்களைப் பொருத்தினார். இழுக்கும்போது நடுவழியில் கனம் உச்சத்துக்குப் போய், சக்கரம் திரும்பியதும் சட்டென்று இறங்கிவிடும். 1966-இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். அதுதான் காம்பவுண்ட் வில். அதே 50 பவுண்டில் கனம் 65 விழுக்காடு இறங்கினால் கையில் நிற்பது சுமார் 8 கிலோ. குறி பார்த்து நிதானமாக நிற்கலாம். அடுத்த இருபது வருடத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அதற்கு மாறினார்கள்.

மாறியவர்கள் சிலவற்றை இழந்தார்கள். வளைந்த வில்லின் அழகு போயிற்று. நாணுக்குப் பக்கத்திலேயே கேபிள்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. வில் குட்டையாகக் குட்டையாக நாணின் கோணம் கூராகி விரலைக் கவ்வியது. அதனால் விரலை விட்டுவிட்டு ‘ரிலீஸ்’ என்ற கொக்கிக் கருவியைப் பிடித்தார்கள். இதெல்லாம் பிடிக்காதவர்களுக்கு 1980-களில் நியூயார்க் மாநிலத்திலிருந்து வந்ததுதான் ஒனைடா ஈகிள். ஒனைடா என்பது அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் பெயர். நம் ஊர் ஒனிடா டிவிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அதன் அமைப்பைத்தான் நான் வியக்கிறேன். சாதாரண காம்பவுண்டில் சக்கரம் லிம்ப் நுனியில் இருக்கும். லிம்ப் என்பது வில்லின் வளைகிற கை. இதில் நுனியில் ஒன்றுமே இல்லை, நாண் மட்டும்தான். சக்கரங்களெல்லாம் உள்ளே, ரைசர் என்கிற நடுக் கைப்பிடிப் பகுதிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு பக்கமும் இரண்டு லிம்ப். உள்ளே இருப்பது குட்டை, தடிமனானது. விசை முழுக்க அதில்தான். வெளியே இருப்பது நீளமானது, அழகாக வளைந்தது. அது ஒரு கீலில் நெம்புகோல் மாதிரி சுழன்று, கேபிள் வழியாக உள் லிம்பை வளைக்கிறது. மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பும்படி இன்னொரு கேபிள் இரண்டையும் கட்டி வைத்திருக்கிறது. நெம்புகோல் வில் என்று இதைச் சொல்வது அதனால்தான். கண்ணுக்கு ரிகர்வ், கைக்குக் காம்பவுண்ட்.

உத்தமபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டில் இதை நான் இழுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் ஒரு சாண் முறைத்துக்கொண்டு வருகிறது. பிறகு ஒரு மேடு. மேட்டைத் தாண்டியதும் தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. வெளி லிம்ப் இரண்டும் கொக்கு இறக்கையை மடக்குகிற மாதிரி உள்ளே சாய்ந்து நின்றன. திரும்ப விடவே மனம் வரவில்லை. அதை அனுபவித்தவர்கள் முப்பது வருடப் பழைய வில்லுக்கு உதிரி தேடி அலைவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஸ்க்ரீமிங் ஈகிள், டாம்கேட், ஏரோ ஃபோர்ஸ், பிளாக் ஈகிள் என்று மாடல் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிற ஆட்கள் அவர்கள்.

இவர்களில் ஒரு பெரிய பகுதி வில்லால் மீன் பிடிப்பவர்கள். அங்கே கெண்டை வகை மீன்கள் பெருகி ஏரிகளைக் கெடுப்பதால் பல மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு. படகின் முனையில் நின்று, தண்ணீரில் நிழல் அசைந்தால் அடுத்த நொடியே அம்பு போக வேண்டும். முழுக்க இழுக்க நேரமிருக்காது, பாதி இழுப்பில் விட வேண்டியிருக்கும். வில் கோணலாகத் திரும்பியிருக்கும். நுனியில் சக்கரம் உள்ள வில்லில் அப்படி விட்டால் நாண் சக்கரத்திலிருந்து கழன்றுகொள்ளலாம். அம்பில் கட்டிய தூண்டில் நூல் கேபிளில் சிக்கினால் கையே போகும். ஒனைடாவில் நாணுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லை, விரலாலும் வசதியாக இழுக்கலாம். ‘ஆஸ்ப்ரே’ என்ற மாடலை இந்த வேலைக்கென்றே கொண்டுவந்தார்கள். ஆஸ்ப்ரே என்றால் விறாலடிப்பான் பருந்து. நிறுவனம் கைமாறி மிச்சிகன் மாநிலத்தின் மேரியன் என்ற சிற்றூருக்குப் போன பிறகும் இந்த வில்லின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. (இதைப் படித்துவிட்டுத் தேக்கடி ஏரியை நினைக்காதீர்கள். அது சரணாலயத்துக்குள் இருக்கிறது.)

ஆக, அமைப்பு அருமையானது. விலையில்தான் எனக்குத் தயக்கம். அசையும் பாகம் அதிகம், அதனால் கோளாறுக்கு வழியும் அதிகம். மேல் கீழ் இரண்டும் ஒன்றாகத் திரும்பாவிட்டால் அம்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் போய்க் குத்தும். அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளைத் தேனியிலோ இடுக்கியிலோ நான் பார்த்ததில்லை. என் நண்பர் கதை அப்படித்தான் முடிந்தது. ஒரு பழைய பொருள் வியாபாரி ‘புதுசு மாதிரி’ என்று விற்றதை நம்பி வாங்கினார். கேபிளின் பிளாஸ்டிக் உறையை நான் கட்டைவிரலால் விலக்கியபோது விரலில் பழுப்பாகத் துரு ஒட்டியது. கீழ் லிம்பின் ஓரத்தில் ஒரு பஞ்சுத் துண்டை மெல்ல இழுத்தேன். ஓரிடத்தில் இரண்டு மூன்று இழை மாட்டி நின்றது. கண்ணுக்குத் தெரியாத சிம்பு அது. அந்த லிம்ப் எப்போது வேண்டுமானாலும் முகத்துக்கு நேராகத் தெறிக்கலாம். வில் இப்போது சுவரில் தொங்குகிறது.

உங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போகும்போது ஒரு உருண்டைப் பஞ்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு லிம்பின் ஓரங்களிலும் ஓட்டிப் பாருங்கள். குமுளி மழையில் ஒரு வருடம் பரணில் கிடந்த வில் என்றால் கேபிளை முதலில் பாருங்கள். அப்புறம், வில் வலக்கைக்காரருக்கா இடக்கைக்காரருக்கா என்று பார்க்க வேண்டும். நீங்கள் வலக்கையால் நாணை இழுப்பவர் என்றால் அம்பு வில்லின் இடப்பக்கம் உட்கார வேண்டும். சித்தப்பாவின் கை நீளம் வேறு, உங்களுடையது வேறு. அவருக்குப் பொருத்திய இழுப்பு நீளம் உங்களுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் போனாலும் வில் வீண். உங்கள் பயிற்சியாளரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் இழுத்துப் பாருங்கள். இழுத்ததை அம்பில்லாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் நாணை ஒரே ஒரு முறை விட்டால் போதும், லிம்ப் பிளந்துவிடலாம். யாராவது வீட்டுப் பிள்ளைகள் அப்படி விட்டு விளையாடினார்களா என்று சித்தப்பாவிடம் நேராகக் கேளுங்கள். சொந்தக்காரர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அமெரிக்க ஏலத் தளத்தில் பாதி விலைக்குக் கிடப்பதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து பழைய பொருளை வரவழைக்க நம் நாட்டின் வெளிவணிகக் கொள்கைப்படி முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வந்தால் சுங்கத்தில் நின்றுவிடும். பரிசு என்று எழுதி வரியில்லாமல் தபாலில் அனுப்புகிற வழியும் 2019 டிசம்பரில் அடைக்கப்பட்டது. சித்தப்பா தன் சாமான்களோடு கொண்டுவந்த வில் என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. விமான நிலையத்தில் ஏதேனும் ரசீது கொடுத்திருந்தால் ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

போட்டி? ரிகர்வ் பிரிவில் இதை நிச்சயம் அனுமதிக்க மாட்டார்கள். காம்பவுண்ட் பிரிவில் உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி இழுப்பு எடை 60 பவுண்டைத் தாண்டக் கூடாது. வேட்டைக்கென்று செய்த வில் 70 பவுண்டு வரை போவது சாதாரணம், அதனால் எடையைத் தராசில் மாட்டிப் பாருங்கள். நெம்புகோல் அமைப்பை ஏற்பார்களா என்று உங்கள் மாநிலச் சங்கத்து நடுவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டிதான் உங்கள் ஆசை என்றால் இந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு சாதாரண காம்பவுண்ட் வாங்குவதே மேல். விஜயவாடாவின் ஜோதி சுரேகா ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றது காம்பவுண்டில்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் கலப்பு அணிப் போட்டியாகக் காம்பவுண்ட் நுழைகிறது. அந்த வில்லுக்கு உதிரியும் பழுது பார்க்க ஆளும் இந்தியாவிலேயே கிடைக்கும்.

இன்னொன்று. கடையிலோ இணையக் கடையிலோ வாங்கிய பொருள் பழுதென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டம் வந்தபின், கடை கம்பத்தில் இருந்தாலும் கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடுக்கி மாவட்டத்திலேயே புகார் தரலாம். எல்லையில் இருக்கும் நமக்கு இது பெரிய உதவி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் தர வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். ஆனால் சித்தப்பா வியாபாரி இல்லை. அவரிடம் வாங்கியது உடைந்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. அதனால் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் வில்லை வாங்கி வைத்து, பயிற்சியாளர் கண் முன்னால் எய்து பார்த்துவிட்டுக் கொடுப்பதாகப் பேசுங்கள்.

என் கணக்கில் பஞ்சு சுத்தமாக ஓடி, கேபிள் துருவில்லாமல், நீளமும் எடையும் உங்களுக்குப் பொருந்தினால், உதிரி நாணும் கேபிளும் ஒரு செட் சேர்த்து 40,000 வரை கொடுக்கலாம். 65,000 கொடுக்க மாட்டேன். பஞ்சு ஒரு இடத்தில் சிக்கினாலும் சும்மா கொடுத்தால்கூட எய்வதற்கு வாங்காதீர்கள்.

கேள்வி: வயநாட்டுக்குப் போனபோது சாலையோரக் கடையில் மூங்கில் வில் ஒன்று 900 ரூபாய்க்கு வாங்கினேன். குறிச்சியர் வில் என்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் விரிசல் விட்டுவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
— வாசகி, பந்தலூர்

பதில்: பில் இருக்கிறதா? இல்லையென்றால் கடினம். பணம் செலுத்திய போன் செய்தியும் கடையின் படமும் இருந்தால் 1915-இல் சொல்லிப் பார்க்கலாம். சாலையோரக் கடையில் அலங்காரத்துக்குச் செய்து விற்பதைக் குறிச்சியர் வில் என்று சொல்லாதீர்கள். குறிச்சியர் வயநாட்டுப் பழங்குடி மக்கள். 1802-இல் பனமரம் கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற அவர்களின் தலைவர் தலக்கல் சந்துவின் ஆட்கள் பிடித்தது அந்த வில்லை. அந்தப் பெயருக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

நாணை எப்போதும் ஏற்றியே சுவரில் மாட்டியிருந்தீர்கள் என்று நினைக்கிறேன். மூங்கில் வில்லை எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். அடுப்புக்கு மேலேயும் வெயில் படும் சுவரிலும் வைக்கக் கூடாது. விரிசல் பக்கத்தில் மஞ்சள் பொடி மாதிரி உதிர்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, மற்றச் சாமானுக்கும் பரவலாம், உடனே வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்த முறை வாங்கும்போது செய்தவரையே தேடிப் போய், தேய்பிறையில் வெட்டி நிழலில் உலர்த்திய மூங்கிலா என்று கேளுங்கள். மரவேலை தெரிந்த பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி அது. உங்கள் வில்லின் விரிசல் கைப்பிடிப் பக்கம் மட்டும் என்றால் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.