திருகோணமலைக் கடற்கரை நடைபாதையில் கற்கள் ஏன் தாழ்கின்றன?

டச்சுக் குடா போன்ற கரையில் பதித்த இன்டர்லொக் கல் ஒரு மாரியிலேயே தாழ்ந்தால் கல்லைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அடித்தளம்தான் பிழை. வடகீழ்ப் பருவமழை நீர் இடுக்குகளால் இறங்கும்போது கல்லுக்கு அடியிலுள்ள படுக்கை மணலையும் கீழே இழுத்துக்கொண்டு போகிறது.

கரைமணலை நனைத்து இறுக்கி, மணலைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். துண்டுகள் 300 மி.மீ. மேற்கவிய வேண்டும். அதன்மேல் 150 மி.மீ. உடைகல், இரண்டு படையாக இறுக்கியது. பிறகு 30 மி.மீ. ஆற்றுமணல், 60 மி.மீ. கல். முச்சக்கரவண்டி ஏறும் இடமென்றால் கல் 80 மி.மீ. சரிவு ஐம்பதுக்கு ஒன்று.

ஓரத்தில் கொங்கிறீற்றுக் கட்டு இல்லாவிட்டால் இவ்வளவும் வீண்: கற்கள் பக்கவாட்டில் விலகி இடுக்கு அகலும். கம்பி போட்ட கொங்கிறீற்றில் கழுவாத கடல்மணல் வேண்டவே வேண்டாம். உப்பு கம்பியைத் துருவேற்றிக் கொங்கிறீற்றை வெடிக்க வைக்கும்.

நிழலுக்குப் பூவரசு, புன்னை. இரண்டும் உப்புக்காற்றைத் தாங்கும். அடியைச் சுற்றி ஒரு மீற்றர் கல் பதிக்காமல் விடுங்கள்.