நாடு கடந்து வாழும் ஈரானிய ஓவியர்களில் யாரை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்?

நிக்கி நோஜூமியை என்பேன். 1942இல் கெர்மான்ஷாவில் பிறந்து, டெஹ்ரானிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்ற அவர், ஷா மன்னரின் ஆட்சியை எதிர்த்தவர். 1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் வந்த மதகுருமார்களின் அதிகாரத்தையும் அதே கண்டிப்புடன் வரைந்தார். அதனால் 1980இல் டெஹ்ரான் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட அவரது ஓவியங்கள் கடும் எதிர்ப்பைச் சந்திக்க, நூற்றுக்கும் மேற்பட்ட அப்படைப்புகளை அங்கேயே விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. ஓர் ஓவியனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது.

நியூயார்க்கில் அவர் தீட்டிய பெரிய திரைகளில் கோட்டும் டையும் அணிந்த ஆண்கள் அடிக்கடி வருகிறார்கள். அருகே சென்று பார்த்தால், செய்திப் படத்தைக் கீற்றுகளாக வெட்டி மீண்டும் ஒட்டியதுபோல, அவர்களின் உடலும் கால்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும்.