ஓசிடி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

எல்லாம் சுத்தமாக, ஒழுங்காக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். எனக்கு ஓசிடியா?

அது உங்கள் சுபாவம், நோய் இல்லை. ஓசிடி (OCD) என்பது ஒரு மனநலக் கோளாறு. அதில் வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து பதற வைக்கும். அந்தப் பதற்றம் அடங்க ஒரு செயலைச் செய்தே ஆகவேண்டும் போலிருக்கும். இதிலேயே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, வேலையும் உறவும் கெட்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

சாமி படத்தைப் பார்த்தாலே அசிங்கமான எண்ணம் வருகிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் நகர முடிகிறது. நான் பாவியா?

இல்லவே இல்லை, சகோதரி. பக்தி இருப்பதால்தான் அந்த எண்ணம் இவ்வளவு சுடுகிறது. உளவியலாளர்கள் ஸ்டான்லி ராக்மேனும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், நோயில்லாதவர்களில் பெரும்பாலானோருக்கும் இதேபோன்ற எண்ணங்கள் வருவது தெரிந்தது. அவர்கள் கண்டுகொள்வதில்லை, அதுவும் போய்விடுகிறது. உங்களுக்கு அது ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் மன்னிப்பும், பதற்றம் அடங்கச் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றும் கட்டாயச் செயல்தான். மனசுக்குள் எண்ணி எண்ணி மந்திரம் சொல்வதும் அப்படித்தான், வெளியே தெரியாது, அவ்வளவே.

கைக்குழந்தை இருக்கிறது. கத்தியை எடுத்தாலே குழந்தையைக் குத்திவிடுவேனோ என்று நடுங்குகிறது. கத்தியை ஒளித்து வைத்துவிட்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு இப்படி வருவதுண்டு. அந்த எண்ணம் உங்களை நடுங்க வைக்கிறது என்றால், அது உங்கள் ஆசை இல்லை. கத்தியை ஒளிப்பது பயத்தைத்தான் வளர்க்கும். வெட்கப்படாமல் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். ஆனால் காதில் குரல் கேட்டாலோ, அப்படிச் செய்வதுதான் சரி என்று தோன்றினாலோ அது வேறு பிரச்சினை. குழந்தையோடு தனியாக இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மனைவி இரவெல்லாம் "சிலிண்டரை மூடியாச்சா?" என்று கேட்கிறாள். நானும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். சரிதானே?

உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் "மூடியாச்சு" என்று நீங்கள் சொன்னதும் அவர் மனசு லேசாகிறது அல்லவா? சந்தேகம் வந்தால் கேட்டே ஆகவேண்டும் என்று மூளை அதில்தான் பழகுகிறது. பத்து நிமிடத்தில் அடுத்த கேள்வி வருவது அதனால்தான்.

சிகிச்சை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். ஒரே முறை மூடிவிட்டுப் படுப்பது, மறுபடி பார்க்காமல் பதற்றத்தோடு இருந்து பழகுவது. உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் இந்த முறையைப் பற்றி எழுதியபோது, கழுவிக்கொண்டே இருக்கும் நோயாளியின் அறையில் தண்ணீரையே நிறுத்தியிருந்தார்கள். இன்று அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. நோயாளியின் சம்மதத்தோடு, சின்னப் பயத்தில் தொடங்கிப் படிப்படியாகப் போவார்கள்.

நீங்களும் திடீரென்று வாயை மூடிக்கொள்ள வேண்டாம், கைவிட்ட மாதிரி ஆகிவிடும். பகலில் இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரவில், "இது ஓசிடி கேட்கிற கேள்வி, நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா உன் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லுங்கள். முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறேன். பலனே இல்லை. நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். ஓசிடிக்கு மாத்திரை வேலை செய்ய 8 முதல் 12 வாரம்கூட ஆகும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் கூடுதலாகவே தேவைப்படும். தொந்தரவு இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

யாரிடம் போவது?

மனநல மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. இந்தியாவில் இருந்தால் முதலில் போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.