மாத்திரையைக் குறைத்தால் செலவு குறையுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. ரத்த அழுத்தமும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு இருப்பதாகச் சொல்லி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையை இரண்டு வேளை சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். செலவை நினைத்து, யாரிடமும் சொல்லாமல் சில மாதங்களாகக் காலையில் மட்டும் சாப்பிட்டு வந்திருக்கிறார். “படபடப்பே இல்லையே, இரண்டு எதற்கு?” என்கிறார். ஒழுங்கற்ற துடிப்பைத் தூண்டும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையைச் செய்துகொண்டால் மருந்தே வேண்டாம் என்கிறார் உறவினர் ஒருவர். நாங்கள் எந்தச் செலவைக் குறைக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இன்று இரவிலிருந்தே இரண்டாம் வேளை மாத்திரையைச் சாப்பிடச் சொல்லுங்கள், மற்றதை அதன்பின் நிதானமாகப் பேசலாம். ரத்தத்தில் அபிக்ஸபானின் அளவு ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும் என்பதால், ஒரு வேளையை விட்டால் நாளின் பிற்பகுதியில் போதிய பாதுகாப்பு இராது. அந்த மாத்திரைக்கும் படபடப்புக்கும் தொடர்பே இல்லை. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காதபோது ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம் வருகிறது. இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு அதிகம். துடிப்பு இயல்பாகத் தோன்றும் நாட்களிலும் அது நீங்குவதில்லை. பக்கவாதம் வந்துவிட்டால் மருத்துவமனைச் செலவோடு முடியாது. இயன்முறைச் சிகிச்சை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள், அதற்காக வீட்டில் ஒருவர் விடும் வேலை என்று ஆண்டுக்கணக்கில் நீளும். ஆகவே உங்கள் குடும்பக் கணக்கில் கை வைக்கக் கூடாத செலவு இந்த மாத்திரைதான்.

ஆனால் அதையே மலிவாக வாங்க முடியுமா என்று தாராளமாகக் கேட்கலாம். பல நாடுகளில் அபிக்ஸபானின் ஜெனரிக் மாத்திரை (அதே மருந்து, மூல நிறுவனத்தின் வணிகப் பெயர் இல்லாமல்) கிடைக்கிறது. அதுவும் கட்டுப்படியாகாவிட்டால், 1950களிலிருந்து பயன்பட்டு வரும் மற்றொரு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தான வார்ஃபரின் இருக்கிறது. மாத்திரை மலிவு, ஆனால் தொடக்கத்தில் அடிக்கடியும் பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறையும் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்து, அளவை 2 முதல் 3-க்குள் வைத்திருக்க வேண்டும். பரிசோதனைக் கட்டணம், போக்குவரத்து, துணைக்கு வருபவர் இழக்கும் கூலி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் அதை மலிவு என்று முடிவு செய்யாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் நீங்களே மாற்றவும் கூடாது.

அப்பா ஆஸ்பிரினும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். மாரடைப்போ ஸ்டென்டோ இல்லாதவருக்கு, அபிக்ஸபானோடு ஆஸ்பிரினும் சேர்வதால் பெரும்பாலும் ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடும். அதை நிறுத்தலாமா என்று கேளுங்கள். புதிய அறிகுறி ஏதுமில்லாதபோது இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவையும், துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டரையும் ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டுமா என்பதும் நியாயமான கேள்வியே. ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்ய வேண்டிய சிறுநீரகப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்கு உண்டு.

அப்லேஷனைப் பொறுத்தவரை, உறவினர் சொன்னது சரியன்று. மருந்துக்கு அடங்காத தொல்லை உள்ளவர்களுக்கு அது மிக நல்ல சிகிச்சை. ஆனால் சிலருக்கு இரண்டாம் முறையும் செய்ய நேரிடும். சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது இரண்டு மாதங்கள் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தேவை. அதன்பின் நிறுத்துவதை, துடிப்பு சீரானதா என்பதைவிட வயது, ரத்த அழுத்தம் போன்றவையே முடிவு செய்கின்றன. 72 வயதும் ரத்த அழுத்தமும் உள்ள உங்கள் அப்பாவுக்கு மருந்து தொடரவே வாய்ப்பு அதிகம். மாத்திரைச் செலவைத் தவிர்ப்பதற்காக மட்டும் அப்லேஷனைச் செய்ய வேண்டாம். அதிக எடையைக் குறைப்பதும் மதுவை விடுவதும் இந்நோய் திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். துடிப்பைச் சீராக்க மின்அதிர்ச்சி கொடுப்பதாக இருந்தால், அதற்கு முன் குறைந்தது 3 வாரங்கள் மருந்து தடையின்றிச் சென்றிருக்க வேண்டும். வேளை தவறியதை மருத்துவர் அறியாமல் அந்தச் சிகிச்சை நடந்தால், இதயத்தில் தளர்ந்த ரத்தக்கட்டி மூளைக்குச் செல்லக்கூடும்.