மிளகின் காரமும் வேதியியல் காரமும்

கேள்வி: டீச்சர், எத்தில்அமின், ஃபீனைல்அமின், எத்தனமைடு மூன்றையும் காரத்தன்மை குறையும் வரிசையில் எழுதச் சொன்னார்கள். நைட்ரஜனோடு ஆக்சிஜனும் இருக்கிறதே என்று எத்தனமைடை முதலில் எழுதினேன். தப்பு என்றார்கள். மூன்றிலும் நைட்ரஜனில் லோன் பேர் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி) இருக்கும்போது ஏன் இந்த வித்தியாசம்?
– தொடக்கக் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, ஈசூன்

பதில்: லோன் பேர் இருக்கிறதா என்று பார்த்தாய், கண்ணு. அது சும்மா இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காரத்தின் வேலையே புரோட்டானைப் பிடிப்பது. அதைச் செய்வது அந்த இரண்டு எலக்ட்ரான்கள்தான். அவை வேறு பக்கம் இழுபட்டுக் கிடந்தால் பிடிக்க ஆளில்லை.

தேக்கா சந்தையில் கானாங்கெளுத்தி வாங்கி வந்தால், முதலில் புளித்தண்ணீரில்தான் அலசுவேன். அந்த வாடையில் பெரும்பங்கு டிரைமெத்தில்அமினுடையது. அதன் லோன் பேர் சும்மா இருக்கிறது. புளியின் அமிலம் தரும் புரோட்டானை உடனே வாங்கிக்கொண்டு உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, வாடையும் மூக்குக்கு வராது. எத்தில்அமினும் இதே ரகம். அதன் இணை அமிலத்தின் (அதாவது புரோட்டானை வாங்கிக்கொண்ட வடிவத்தின்) பிகேஏ சுமார் 10.7. இந்த எண் ஒன்று கூடினால் காரம் பத்து மடங்கு வலுவானது என்று பொருள்.

ஃபீனைல்அமினுக்கு அது 4.6தான். ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு பலவீனம்! லோன் பேரில் ஒரு பங்கைப் பென்சீன் வளையம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆனாலும் அது காரம்தான். ஆய்வகத்தில் பாடம் நடத்தியபோது இதைக் கண்ணெதிரே காட்டுவேன்: சோதனைக்குழாயில் தண்ணீருக்கு அடியில் பழுப்பு எண்ணெய்த் துளிகளாகக் கிடக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் குலுக்கினால் துளிகள் கரைந்து மறையும். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் பால்போல் கலங்கி எண்ணெய் திரும்பி வரும்.

இப்போது எத்தனமைடு. நீ பலம் என்று நினைத்த ஆக்சிஜன்தான் இங்கே பலவீனத்துக்குக் காரணம். பக்கத்திலிருக்கும் கார்பனைல் தொகுதி (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்) நைட்ரஜனின் லோன் பேரைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. அதனால் தண்ணீரில் எத்தனமைடு நடுநிலையாகவே இருக்கும். வலுவான அமிலத்தில் போட்டால்கூடப் புரோட்டான் உட்காருவது ஆக்சிஜன்மீது, நைட்ரஜன்மீது அல்ல. இணை அமிலத்தின் பிகேஏ சுழியத்துக்கும் கீழே.

நாம் ரசத்துக்குத் தட்டிப்போடும் மிளகையே எடுத்துக்கொள். நாக்கைச் சுடும் பிப்பரின் ஓர் அமைடு, அதாவது எத்தனமைடு போலவே அதன் நைட்ரஜனும் கார்பனைலோடு ஒட்டியிருக்கிறது. நாக்குக்குக் காரம், வேதியியலில் காரம் இல்லை! அதையே ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு நெடுநேரம் கொதிக்கவைத்தால் அமைடு பிணைப்பு உடைந்து பிப்பரிடின் வெளியே வரும். அதன் இணை அமிலத்தின் பிகேஏ 11.1, எத்தில்அமினைவிடவும் வலுவான காரம். நைட்ரஜன் அதேதான், வளையமும் அதேதான். கார்பனைல் விலகியது ஒன்றுதான் மாற்றம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

ஆக, எத்தில்அமின், ஃபீனைல்அமின், எத்தனமைடு என்பதே வரிசை. வரிசையை மட்டும் எழுதாதே. லோன் பேர் எங்கே போகிறது என்று ஒவ்வொன்றுக்கும் வளைந்த அம்பு போட்டுக் காட்டு. வரைந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.