ஆடிப்பெருக்குக்கு எந்த லென்ஸ்? – எங்கள் புகைப்படக் குழுவில் கேள்வி பதில்

தஞ்சாவூரில் எங்கள் புகைப்படக் குழு மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை கூடும். வழக்கமாகப் படங்களைத் திரையில் போட்டு அலசுவோம். ஆனி மாதக் கூட்டத்தில் ஒரு மாறுதலுக்காக எல்லோரிடமும் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கினோம். பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இருட்டறையில் படம் கழுவும் ஹைப்போ ரசாயன வாடையோடு தொழில் பழகியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் கிடையாது. நேரம் போதாமல் சுருக்கிச் சொன்னவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. குழுவில் சேர்த்துக்கொள்வீர்களா? (கல்லூரி மாணவி, திருவையாறு)

வாம்மா. படங்களைத் திரையில் போடும்போது எடுத்தவர் பெயரையும் காட்டுவதில்லை, எதில் எடுத்தது என்பதையும் காட்டுவதில்லை. போன மாதம் எல்லோரும் வாயைப் பிளந்த படம் ஒன்று, ஒரு பழைய போனில் எடுத்தது. ஒன்றை மட்டும் இப்போதே பழகிக்கொள். வயலில் நின்று எடுத்தால் வானம் வெளுத்துப்போகும். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு எடு. நிலம் சற்று இருட்டாக வந்தால் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன வானத்தை மீட்க வழி கிடையாது.

ஆடிப்பெருக்கு அன்று படம் எடுக்கப் போகும் நடைக்கு என்ன லென்ஸ் கொண்டு வரவேண்டும்? தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 70-200 ஜூம் லென்ஸ் வாங்கலாம் என்று இருக்கிறேன். (வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

வாங்காதீர்கள் சார். குறைந்தபட்சம் இதற்காக வாங்காதீர்கள்.

ஆடி 18 அன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை ஆறு மணிக்குச் சந்திக்கிறோம். 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ், எது கையில் இருக்கிறதோ அது ஒன்றே போதும். கூட்டத்தில் நின்று லென்ஸ் மாற்றினால் ஒன்று தண்ணீரில் விழும், இல்லாவிட்டால் சென்சாரில் விபூதி படியும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படித்துறை காவிரியின் வடகரையில், தெற்கு பார்த்து இருக்கிறது. ஆற்றைப் பார்த்து நின்றால் காலை வெயில் இடது பக்கத்திலிருந்து வரும். படையல் போட உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். இது கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். எட்டரைக்கு மேல் வெயில் தலைக்கு ஏறிவிட்டால் கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் கறுப்புக் குழி விழுந்துவிடும். அதற்குப் பிறகு முகத்தை விட்டுவிட்டுக் கைகளை எடுங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வாழையிலையில் காப்பரிசி, முளைப்பாரியை ஆற்றில் விடும் விரல்கள். தெருப் பக்கம் திரும்பினால் பையன்கள் சப்பரத்தட்டி என்கிற குட்டித் தேரை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அதற்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும். தட்டி ஆட்டம் காண்பது தெரியவேண்டும் என்றால் 1/30 வைத்து அவர்களோடு கேமராவையும் நகர்த்துங்கள். பத்துக்கு ஒன்று தேறும்.

குளிப்பவர்களை எடுக்கக் கூடாது. இது எங்கள் குழுவின் விதி. "தூரத்திலிருந்துதானே எடுத்தேன்" என்பதுதான் வழக்கமான சமாதானம். உங்கள் 70-200 மேல் எனக்கு நம்பிக்கை வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

குறுவை நடவு எடுக்க எங்கே போகலாம்? யாரிடம் அனுமதி கேட்பது? (மென்பொருள் வேலை, ஊர் பாபநாசம்)

எங்கே என்பது சுலபம். மேட்டூர் அணையை வழக்கமான தேதியான ஜூன் 12-ல் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். கடைமடைக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் பம்புசெட் இருக்கிற இடங்களில் ஆற்றுத் தண்ணீருக்குக் காத்திருக்காமல் நட்டுவிடுவார்கள். பாபநாசத்திலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் ஒரு வயல் அகப்படும்.

யாரிடம் கேட்பது என்பதற்குப் பதிலாக நான் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நடவு வயலில் வரப்பில் படுத்து, எழுந்து, வளைந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நிலக்காரரிடம் முன்பே கேட்டுவிட்டதால் தைரியம். வரிசையில் மூத்த அம்மா நிமிர்ந்தார். "வருசா வருசம் ஆளு வந்து எடுக்கறீங்க. எங்க முதுவுதான் தெரியும்போல. ஒரு படமாவது இதுவரைக்கும் எங்க கைக்கு வந்துருக்கா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் படங்களில் ஒன்று அந்த வருடம் ஒரு போட்டியில் பரிசு வாங்கிவிட்டது என்பதால் கூச்சம் இரண்டு மடங்கு.

ஆகவே தம்பி, நிலக்காரரிடமும் கேளுங்கள், சேற்றில் நிற்பவர்களிடம் அதற்கு முன்பே கேளுங்கள். வேண்டாம் என்றால் வரப்பை விட்டு இறங்கிவிடுங்கள். எடுத்தால், 4x6 அளவில் பிரிண்ட் போட்டு அவரவர் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். போனில் அனுப்பினேன் என்பது கணக்கில் சேராது. குழுவில் நாங்கள் இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்த ஊர், எத்தனை பேர், பிரிண்ட் போய்ச் சேர்ந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். கொடுக்காத படத்தைக் கண்காட்சிக்கு எடுப்பதில்லை. முகத்தை எடுங்கள், அந்த அம்மா சொன்ன மாதிரி முதுகு எல்லோரிடமும் இருக்கிறது.

பெரிய கோயிலில் ட்ரைபாட் வைக்கலாமா? முழு விமானமும் சாயாமல் எடுப்பது எப்படி? (பள்ளி ஆசிரியர், மன்னார்குடி)

ட்ரைபாடுக்குத் தொல்லியல் துறையிடம் முன் அனுமதி வேண்டும். கையில் வைத்து எடுத்தால் தொந்தரவு இல்லை. சன்னதிக்குள் எடுக்கக் கூடாது. மற்ற கோயில்களுக்குப் போகும்போது, செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது நினைவிருக்கட்டும். வாசலில் போனை வாங்கி வைக்கிறார்கள் என்று காவலரிடம் சண்டை போட வேண்டாம்.

விமானம் சுமார் 216 அடி. பக்கத்தில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் பின்பக்கம் விழுகிற மாதிரிதான் தெரியும். பிராகாரம் பெரிது. பின்னால் போய்க்கொண்டே இருங்கள், கேமராவை நிமிர்த்திப் பிடியுங்கள், கீழே வரும் வெறும் தரையை அப்புறம் வெட்டிவிடலாம். கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் முன்பக்கத்துக்குக் காலை வெயில். மாலையில் முன்னால் நின்றால் நிழலுருவம்தான் கிடைக்கும். பின்பக்கம் சுற்றிப் போனால் கல் பொன்னாக இருக்கும், கூட்டமும் குறைவு.

ஒரு சேதி. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற மதராஸ் மாகாண அரசுப் புகைப்படக்காரர் இந்த விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில், நம் ஊர் வெயிலில் எடுத்தது. போன் பனோரமா நடுவில் கோணிக்கொள்கிறது என்று அலுத்துக்கொள்ளும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

டிரோன்? (பெயர் எழுதவில்லை)

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. தொல்லியல் சின்னங்களின் மேலும் பறக்கவிடக் கூடாது. வேறு கிராமத்தில் என்றாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, அதாவது பறக்கவிடலாமா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுக்கவேண்டும். 250 கிராமுக்குக் குறைந்த டிரோனுக்கும் இது பொருந்தும்.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசிப் பானைக்குள் வைத்தால் போகுமா? (திருமணப் புகைப்படக்காரர், கும்பகோணம்)

போகாது. அது பூஞ்சை. ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பையை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, தை முகூர்த்தத்துக்குத் திறக்கும்போதுதான் தெரியும். அரிசி ஈரத்தை உறிஞ்சுவது சொற்பம். தவிட்டுத் தூள் லென்ஸ் வளையத்துக்குள் போவதுதான் மிச்சம்.

வந்துவிட்டதைப் பிரித்துத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். முற்றிப்போனால் கண்ணாடிப் பூச்சையே அரித்துத் தழும்பு விட்டுவிடும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். வெயிலில் காயவைப்பது ஒரு வைத்தியம் என்று சிலர் சொல்வார்கள். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து திரைச்சீலை பற்றிக்கொள்ளும், ஜாக்கிரதை.

வராமல் தடுக்கப் பெரிய செலவில்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல், உள்ளே போட ஒரு சின்ன ஈரமானி. 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள். நீல வகையில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் உப்பு இருக்கிறது. எதுவானாலும் நிறம் மாறியதும் சூடு காட்டி உலர்த்தலாம், அதற்கென்று பழைய சட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் தோசைக்கல்லை எடுத்துவிட வேண்டாம். தோல் உறை, துணிப்பை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதற்குள் லென்ஸ் குடியிருக்கக் கூடாது. இன்னொன்று, ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும்.

தாத்தா, பாட்டி காலத்துப் படங்கள் கண்ணாடிச் சட்டத்தில் இருக்கின்றன. பிரதி எடுத்துத் தருவீர்களா? (இல்லத்தரசி, வேதாரண்யம் பக்கம்)

ஆவணி மாதம் ஒரு ஞாயிறு முழுக்க இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம் அம்மா. படங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், அன்றே திருப்பித் தந்துவிடுவோம். ஆனால் ஒரு வேண்டுகோள். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் நீங்கள் பிரிக்க முயலக் கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டு எடுத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது.

வேதாரண்யம் என்று பார்த்ததும் சொல்லத் தோன்றுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. அந்தப் பக்கம் என் அத்தை வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது நனைந்த ஆல்பத்தை நல்ல எண்ணத்தோடு வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். நாற்பது வருடப் படங்கள் ஒரே பாளமாக இறுகியிருந்தன. ஈரமாகவே இருந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம். இதை என்னிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லி வைக்கவில்லை.

நனைந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடாதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டால் மெல்லப் பிரியும். படப் பக்கத்தைத் தேய்க்காமல், ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, மின்சாரமும் நேரமும் கிடைக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். ஸ்டுடியோவில் ரசாயனத்தில் கழுவிப் போட்ட படங்களுக்குத்தான் இது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் போட்டது தண்ணீர் பட்டாலே பெரும்பாலும் கரைந்துவிடும்.

கோடியக்கரைப் பயணம் எப்போது? பூநாரை கிடைக்குமா? (மாணவர், பட்டுக்கோட்டை)

மார்கழியில். வலசைப் பறவைகளுக்கு நல்ல பருவம் அதுதான். கிடைக்குமா என்பது பூநாரையைக் கேட்கவேண்டிய கேள்வி. வெளிமான் அநேகமாக ஏமாற்றாது, 1967-ல் அந்த இடம் சரணாலயம் ஆனதே அதற்காகத்தான். முறுக்குக் கொம்போடு கறுத்த ஆண்மான் காலைப் பனியில் நிற்கும்போது 200 மில்லிமீட்டர் இருந்தாலே சுற்றுப்புறத்தோடு அழகாக வரும். கூட்டத்தைப் பறக்கவைத்துப் படம் எடுக்கக் கைதட்டுபவரை அடுத்த பயணத்துக்கு அழைப்பதில்லை.

திரும்பும் வழியில் வேதாரண்யம் உப்பளத்தில் நிறுத்துவோம். அங்கே கேமரா ஏமாந்துபோய் வெள்ளை உப்பைச் சாம்பலாகக் காட்டும். எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிவையுங்கள்.

சலூன் எனப்படும் புகைப்படப் போட்டிக்கு அனுப்பும் கொக்குப் படத்தில் பின்னால் இருக்கும் மின்கம்பியை அழிக்கலாமா? (ஓய்வுபெற்ற அலுவலர், நாகப்பட்டினம்)

இயற்கைப் பிரிவுக்கு என்றால் கூடாது ஐயா. வெட்டலாம், வெளிச்சம் திருத்தலாம். இல்லாததைச் சேர்ப்பதும் இருப்பதை அழிப்பதும் விதிக்குப் புறம்பு. பொதுப் பிரிவுக்கு அனுப்புங்கள், அங்கே கம்பி போனாலும் கேட்கமாட்டார்கள். எனக்கென்னவோ நம் ஊர்க் கொக்குக்குக் கம்பி பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 19 கண்காட்சி எங்கே? (பலர்)

உலகப் புகைப்பட தினம் என்பதால் அரங்கம் பிடிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரங்கத்துக்கு நம் படத்தை நாமே பார்க்கத்தான் வருகிறோம். இந்த முறை நடவுப் படங்கள் எடுத்த ஊரிலேயே, பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் கயிறு கட்டித் துணிக் கிளிப்பில் மாட்டுகிறோம். மாலை நான்கு மணிக்கு, வேலை முடிந்து வருபவர்கள் பார்க்க வசதியாக. மழை வந்தால் பக்கத்துத் திண்ணை. ஒருவர் மூன்று படம், 12x18, மேட் தாள். பளபளப்புத் தாள் வேண்டாம், அந்தி வெயிலில் படம் தெரியாது, வெயில்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் உங்கள் குழுவில் சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க ஆளில்லை. ஊர்ப்பட்ட கொக்கை எடுக்கிறார், வீட்டில் எங்களை ஒரு படம் எடுத்ததில்லை. (சீட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவரேதான்)

படித்துப் பார்க்காமலே கொண்டுவந்திருக்கிறார், பாவம். சகோதரி, அடுத்த கூட்டத்துக்கு உங்கள் எல்லோரையும் எடுத்த படம் ஒன்றைப் பிரிண்டாகக் கொண்டு வராவிட்டால் அவருக்கு டீ கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நோட்டிலும் எழுதியாகிவிட்டது. கறி விஷயத்தில் குழு தலையிடாது. ஆனால் கூட்டம் பத்தரைக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகும் அவர் வீடு வந்து சேரவில்லை என்றால் அது எங்கள் கணக்கில் வராது.