சொதியில் கலக்கச் சொன்ன தூள்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது, மேசன் வேலை. ஆறு வருடமாக நாளும் கசிப்பு (கள்ளச்சாராயம்), கூலி கூடக் கிடைத்த நாளில் சாராயம். அம்மா சந்தையில் ஒருவரிடம் 4,500 ரூபாய் கொடுத்து ஒரு மூலிகைத் தூள் வாங்கி வந்திருக்கிறா. 21 நாள் அவருக்குத் தெரியாமல் சொதியில் கலந்து கொடுத்தால் குடி வெறுத்துப்போகுமாம். பக்கத்து ஊரில் ஒருவர் இதனால்தான் திருந்தினாராம். போன வருடம் கந்தசஷ்டி விரதம் என்று அவர் தானாகவே நிறுத்தினார். மூன்றாம் இரவு, சுவரெல்லாம் எறும்பு ஊருது என்று விடியும்வரை தும்புத்தடியால் தட்டிக்கொண்டே இருந்தார். பயந்துபோய் மந்திரித்த நூல் கட்டினோம். அடுத்த நாள் குடித்துவிட்டார், சரியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் குளிசை ஆளைப் பைத்தியமாக்கும், மூலிகை ஒன்றும் செய்யாது என்கிறா அம்மா. தூளைக் கலக்கவா, வேண்டாமா?
– ஒரு வாசகி, படுவான்கரை, மட்டக்களப்பு

பதில்: அன்புத் தங்கச்சி, கலக்க வேண்டாம்.

தூளின் கதையைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நான் மூன்று தரம் திரும்பப் படித்தது அந்த எறும்பைத்தான். நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அது பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. வருடக்கணக்காகக் குடிக்குப் பழகிய உடம்பு திடீரென்று அது இல்லாமல் போனால் தடுமாறும். ஆறு எட்டு மணித்தியாலத்தில் கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி குழம்பும், இல்லாத பூச்சி புழு கண்ணுக்குத் தெரியும். மருந்து செய்யாமல் விட்டால் ஆள் இறந்தும் போகலாம். உங்கள் வீட்டுக்காரர் குடித்ததும் தெளிந்தது, உடம்பு கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டதால். நூலுக்குக் கிடைத்த பேர் உண்மையில் கசிப்புக்குப் போயிருக்க வேண்டியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். தூள் வேலை செய்யாவிட்டால் 4,500 ரூபாய் போச்சு. வேலை செய்தால் எனக்கு இன்னும் பயம். ஏன் நிறுத்தினார் என்று அவருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மூன்றாம் இரவு திரும்ப வரும். ஒருமுறை அப்படி வந்தவருக்கு அடுத்த தரமும் வரக்கூடிய வாய்ப்பு கூட.

அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்று விற்றவர் சொன்னாரா? போத்தலில் பேர் இல்லை, அளவு இல்லை என்றால் அதை மருந்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடியை வெறுக்க வைக்கும் குளிசை ஆங்கில வைத்தியத்திலும் உண்டு. டைசல்ஃபிரம் என்று பேர், 1940களில் டென்மார்க்கில் குடிக்கு எதிராகப் பயன்படுத்தத் தொடங்கியது. அதைப் போட்டிருக்கும் நேரத்தில் சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து ஆளைப் புரட்டிப்போடும். இதயம் பலவீனமானவர் என்றால் ஆபத்து. அதனால்தான் குடிப்பவருக்கே தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்பது வைத்தியர்களின் கண்டிப்பான விதி. வைத்தியர் செய்யக் கூடாததைச் சந்தையில் தூள் விற்பவர் செய்யச் சொல்கிறார்.

பக்கத்து ஊரில் திருந்தினவர் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருந்தார், தூளால் குடியை விட்டவர் என்று ஊரே காட்டியது. ஆறு மாதத்தில் திரும்பவும் தொடங்கிவிட்டார். அதை யாரும் சந்தையில் போய்ச் சொல்லவில்லை. தூள் கலந்து பலிக்காத பெண் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்வாள். பலித்தவள் நாலு வீட்டுக்குச் சொல்வாள். இந்த மருந்துகளுக்குப் பேர் வளருவது இப்படித்தான். போதாததற்கு, எந்த மருந்தும் இல்லாமல் தானாகவே குடியை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரம் வீட்டில் தூள் இருந்தால் பேர் தூளுக்கு.

இன்னொன்று. மட்டக்களப்பார் மருந்து, மந்திரம் போட்டு ஆளைப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று வெளியூரில் நம்மைக் கேலி பண்ணுவது உங்களுக்குத் தெரியும்தானே. கேட்டுக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டோம். ஆனால் தன் சொதியில் ஏதோ விழுகிறது என்று அவர் கண்டுவிட்டால்? மாமியும் மகளும் சேர்ந்து மருந்து போட்டுவிட்டார்கள் என்பார். அதற்குப் பிறகு குடிக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும், உங்கள் கையால் ஒரு வாய் சோறும் நம்பிச் சாப்பிட மாட்டார்.

மூலிகை மேல் எனக்குக் கோபம் இல்லை. குட்ஸு என்ற கொடியின் கிழங்குச் சாற்றை 2005இல் அமெரிக்காவில் 14 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பியர் குடிப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குறைந்தது, நிற்கவில்லை. அளந்து கொடுத்து, கணக்கு வைத்துப் பார்த்ததால் இவ்வளவாவது சொல்ல முடிகிறது. ஆனால் 'மூலிகை ஒன்றும் செய்யாது' என்ற அம்மாவின் பேச்சை நான் ஏற்க மாட்டேன். ஈரலுக்கு நல்லது என்று நாம் நம்பும் சீந்திலைக் கொவிட் காலத்தில் குடித்து, ஈரல் பழுதாகி வந்தவர்களைப் பற்றி மும்பை வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். ஆறு வருடம் கசிப்பு குடித்த ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று இரத்தம் சோதிக்காமல் யாருக்குத் தெரியும்?

குளிசைப் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் குளிசையை வைத்தியர் கூட்டிக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு கிழமை அளவில் நிறுத்திவிடுவார். கூடவே விற்றமின் பி1. போன வருடம் அவர் புத்தி குழம்பியது குடி நின்றதால். அதை அடக்கத்தான் குளிசை.

செய்ய வேண்டியது இதுதான். காலையில், முதல் கிளாசுக்கு முன்னால், திட்டாமல் பேசுங்கள். வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போனதும் முதலில் அந்த எறும்புக் கதையைச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் 1926க்கு எடுத்துப் பேசலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இடையில் வலிப்பு வந்தாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ நூல் தேட வேண்டாம், 1990க்கு அடியுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

உடம்பு தேறிய பிறகு பசிக்கும் நித்திரைக்கும் கசாயம் வேண்டுமென்றால் பதிவுள்ள ஒரு சித்த வைத்தியரிடம் போங்கள். பதிவிலக்கம் கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டமே பதிவைக் கேட்கிறது. உங்கள் வீட்டுக்காரர் என்ன குளிசை போடுகிறார் என்பதைச் சித்த வைத்தியரிடமும், என்ன கசாயம் குடிக்கிறார் என்பதைக் கிளினிக்கிலும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தூள் போத்தலை எறிந்துவிடாதீர்கள். கிளினிக் போகும் நாளில் பையில் எடுத்துப் போங்கள், வைத்தியர் பார்க்கட்டும். போகும் வழியில், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும்போது, உங்கள் வீட்டுக்காரரிடமும் காட்டிவிடுங்கள். "அம்மா வாங்கி வந்தா, நான் கலக்கல" என்று சொல்லுங்கள். 4,500 ரூபாய்க்காக அம்மா ஏசினால் என் மேல் பழியைப் போடுங்கள்.